கதவில் இரண்டு புள்ளிகள்

"இது நாற்காலியா, இல்ல கால மடக்கி உக்காந்த ஒட்டகமா?"

இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அவள் கம்ப்யூட்டர் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோபம் வரவில்லை. எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தாள். சொன்னது சரிதான். நாற்காலியின் முதுகு கூனிப்போய் இருந்தது, கால்கள் நான்கும் ஒரே பக்கம் மடங்கியிருந்தன. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஒட்டகம் அசைபோடுகிற மாதிரிகூட இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

எழுதியது யாரோ முகம் தெரியாத ஆள். 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தது. அந்தத் தூங்குமூஞ்சி அவளைக் கேலி செய்திருந்தது. அவளை ஒருவர் கேலி செய்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அவளுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் வலிப்பு வந்துகொண்டிருந்தது. பிறகு மாத்திரை ஒத்துக்கொண்டு நின்றுவிட்டது. வலிப்புதான் நின்றதே தவிர, அதற்காக வீடு செய்துகொண்ட ஏற்பாடுகள் ஒன்றும் நிற்கவில்லை. அவள் தனியாகத் தெருவைக் கடக்கக்கூடாது. அடுப்புப் பக்கம் போகக்கூடாது. அவள் அறைக்கதவைச் சாத்தக்கூடாது. பழைய செருப்பு ஒன்றை அடியில் சொருகி, கதவு எப்போதும் ஒரு கை அகலம் திறந்தபடியே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே, அவள் மனம் கோணும்படி யாரும் ஒரு வார்த்தை பேசிவிடக்கூடாது. பேசினால் 'வந்துடும்'. எது வந்துவிடும் என்று யாரும் பேர் சொல்வதில்லை. வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம்கூட அண்ணன் வாசலிலேயே காதோடு காதாகச் சொல்லித்தான் உள்ளே விடுவான். அதனால் வருகிறவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். கண்ணாடிப் பாத்திரக் கடைக்குள் நுழைந்தவர்கள் மாதிரி.

அண்ணனுக்கு எல்இடி போர்டு செய்கிற கடை. மருந்துக்கடை வாசலில் மினுக்கும் கூட்டல் குறி, 'திறந்திருக்கிறது' என்று ஓடும் எழுத்து, பார்க்கிங் பக்கம் கை காட்டும் அம்பு, இதையெல்லாம் புள்ளி புள்ளியாக வரைந்து கொடுப்பது அவள்தான். அறையில் உட்கார்ந்தபடியே செய்கிற வேலை. முடித்து அனுப்பினால் அண்ணன் கடையிலிருந்து ஒரு வார்த்தை அனுப்புவான்: 'சூப்பர்'. ஒரு தடவை அம்பு திசைமாறி இடது பக்கம் காட்டுவதாக வரைந்து அனுப்பிவிட்டாள். அதற்கும் சூப்பர் வந்தது. அதைக் கடைப்பையன்களை விட்டு அவன் திருத்திக்கொண்டான் என்பது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. தப்பு செய்ததைவிட, தப்பு என்று யாரும் சொல்லாததுதான் அவளைச் சுட்டது.

போர்டுக்காகப் புள்ளி வைத்துப் பழகிய கை, சும்மா இருக்கும் நேரத்தில் தம்ளர், செருப்பு, ஜன்னல் என்று வரையத் தொடங்கியது. வரைந்ததை எங்கே காட்டுவது? இணையத்தில் தேடியபோதுதான் அந்தக் குழு கிடைத்தது. புள்ளி புள்ளியாகப் பிக்சல் படம் வரைகிறவர்கள் கூடும் இடம். அவள் 'எறும்பு' என்ற பெயரில் சேர்ந்தாள்.

குழுவுக்கு இரண்டு சட்டம் இருந்தது. ஒன்று, யாரும் வெறுமனே 'சூப்பர்' என்று எழுதக்கூடாது. எழுதினால் அடுத்த வாரம் முழுக்க அவர்கள் பெயருக்கு முன்னால் 'ஜால்ரா' என்று ஒட்டிவிடுவார்கள். குறை ஒன்றாவது சொல்ல வேண்டும். இரண்டாவது, எதிரில் இருக்கிற பொருளைப் பார்த்துத்தான் வரையணும். இல்லாததை இட்டுக்கட்டி வரையக்கூடாது. சந்தேகம் வந்தால் புகைப்படம் கேட்பார்கள்.

முதல் சட்டத்தைப் படித்தவுடனேதான் அவள் அந்த நாற்காலியைப் போட்டாள். ஒட்டகம் கிடைத்தது.

அன்றிலிருந்து தூங்குமூஞ்சி அவளை விடவில்லை. தம்ளரைப் போட்டால், ஏன் சார் இதைச் சுற்றிலும் கறுப்பாக்கி நடுவில் வெளுப்பாக்கி இருக்கிறீர்கள், தம்ளரா தலையணையா என்று கேட்டது. செருப்பும் தலையணை, ஜன்னலும் தலையணை, உங்கள் வீட்டில் எல்லாமே உப்பிக்கொண்டுதான் இருக்குமா என்று கேட்டது. வட்டம் போட்டால் ஓரமெல்லாம் படிக்கட்டாக இருக்கிறது, இதில் ஏறி மாடிக்குப் போகலாம் என்றது. ஒரு நாள் அவள் பொறுக்கமாட்டாமல், குறை சொல்வது சரி, வழி என்ன என்று கேட்டாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க ரூம்ல வெளிச்சம் எந்தப் பக்கத்திலேர்ந்து வருது?"

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷம் புழங்கிய அறை. திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் இடது பக்கம் இருந்தது. தம்ளரின் இடது கன்னம் பளிச்சென்று இருக்க, வலது பக்கம் மேஜைமேல் ஒரு நிழல் நீளமாகப் படுத்திருந்தது. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரும், நிழல் மறுபக்கம் விழும். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் அவள் கை எல்லாவற்றையும் பஞ்சு வைத்துப் பொத்திப் பொத்தி வரைந்திருக்கிறது.

"இடது பக்கம். அப்புறம், நான் சார் இல்ல" என்று எழுதினாள்.

"அய்யோ அக்காவா? சரிக்கா. ஆனா தம்ளர் அப்பவும் தலையணைதான்."

தூங்குமூஞ்சியும் பெண்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. அவளைவிடச் சின்னவள். பல் டாக்டரிடம் உதவியாளாக இருந்தாள். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்ப்பதால் ஓட்டை எங்கே இருந்தாலும் கண்ணில் பட்டுவிடுகிறது என்று சொல்லிக்கொள்வாள்.

அதற்குப் பிறகு இவள் வரைந்தவை மாறின. தம்ளர் தம்ளராயிற்று. ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் சரியாகச் சாய்ந்தது. பாராட்டு யாரும் எழுதவில்லை, சட்டம் இடம்கொடுக்காது. ஆனால் சொல்கிற குறை சின்னதாகிக்கொண்டே வந்தது. முதலில் முழு நாற்காலி, பிறகு ஒரு கால், பிறகு ஒரு காலின் நுனியில் ஒரே ஒரு புள்ளி. அதுதான் அங்கே பாராட்டு. அவள் காலையில் எழுந்தவுடன் பல் விளக்குமுன் யார் என்ன குற்றம் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினாள். அண்ணிக்கு ஆச்சரியம். பாப்பா இப்போதெல்லாம் தனக்குத்தானே சிரிக்கிறாளே என்று அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் உடனே மாத்திரை தவறாமல் போடுகிறாளா என்று கேட்டான்.

ஒரு மாதம் குழுவில் தலைப்பு கொடுத்தார்கள்: அவரவர் அறை. அவள் அதை மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தாள். கட்டில், மேஜை, கம்ப்யூட்டர், இடது பக்க ஜன்னல், எதிரே கதவு, அதன் அடியில் செருப்பு. ஒவ்வொன்றையும் எழுந்து போய்ப் பக்கத்தில் பார்த்துவிட்டு வந்து புள்ளி வைத்தாள். போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

வழக்கம்போல் தூங்குமூஞ்சிதான் முதலில் வந்தாள். வெளிச்சம் சரி, கட்டில் சரி, செருப்பைப் பார்த்தால் காலில் மாட்டலாம் போலிருக்கிறது என்றாள். அவளிடமிருந்து இவ்வளவு வந்ததே பெரிசு. பிறகு கேட்டாள்:

"கதவுல ரெண்டு புள்ளி சும்மா நிக்குதே, என்னக்கா அது? கை தவறி விழுந்ததா? இவ்வளவு சின்னப் படத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வேலை இருக்கணும். வேலை இல்லாததத் தூக்கிடுங்க."

அவள் தூக்கிப் பார்த்தாள். கதவு யார் வீட்டுக் கதவோ மாதிரி ஆகிவிட்டது. திரும்ப வைத்தாள். அந்த இரண்டு புள்ளியும் கை தவறி விழுந்தவை அல்ல. கதவில் இருந்ததைப் பார்த்து வைத்ததுதான். ஆனால் அவை என்ன என்று வரையும்போது அவள் யோசிக்கவே இல்லை. இப்போது எழுந்து போய்த் தடவிப் பார்த்தாள். திருகாணி ஓட்டைகள். ஒரு காலத்தில் அந்த இடத்தில் தாழ்ப்பாள் இருந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது கழற்றினார். நாலு ஓட்டையில் இரண்டைப் பெயிண்ட் அடைத்துவிட்டது, மிச்சம் இரண்டு.

உள்ளதைச் சொல்லிவிட்டாள். அது தாழ்ப்பாள் இருந்த இடம் என்றாள். ஏன் கழற்றினார்கள் என்று யாரோ கேட்டார்கள். எனக்கு வலிப்பு வரும், அதனால் என்று எழுதினாள். எழுதும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது படத்துக்குக் கீழே வரிசையாக வந்து நின்றிருந்தன. 'அருமை சகோதரி.' 'உங்கள் தைரியத்துக்கு வணக்கம்.' 'கண் கலங்கிவிட்டது.' இதயங்கள், கும்பிட்ட கைகள். வட்டம் சரியில்லை என்று வாரம் தவறாமல் சண்டை பிடிக்கிற ஒருவர் 'சூப்பர்' என்று எழுதியிருந்தார். அவர் பெயருக்கு முன்னால் யாரும் ஜால்ரா ஒட்டவில்லை.

அடுத்த நாள் வேண்டுமென்றே கோணல்மாணலாக ஒரு வாளியை வரைந்து போட்டாள். வெளிச்சம் இரண்டு பக்கமும் அடித்தது, பிடி காற்றில் தொங்கியது. சூப்பர் என்றார்கள். தூங்குமூஞ்சி பக்கமே வரவில்லை.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் காதோடு காதாகச் சொல்ல அண்ணன் தேவைப்படவில்லை, அவளே சொல்லிவிட்டாள். இந்த அறையை அவளே தூக்கிக்கொண்டு போய் அங்கேயும் வைத்துவிட்டாள். இனி அங்கேயும் கண்ணாடிப் பாத்திரக் கடைதான்.

இரண்டு நாள் பொறுத்தாள். பிறகு தூங்குமூஞ்சிக்குத் தனியாக எழுதினாள்: வாளியைப் பார்த்தாயா? பார்த்தேன் என்று பதில் வந்தது. எப்படி இருக்கிறது?

"கண்றாவியா இருக்குக்கா. ஆனா சொல்லப் பயமா இருக்கு. நான் ஏதாவது சொல்லப்போய் உங்களுக்கு அங்க ஏதாவது ஆயிட்டா?"

"நீ என் நாற்காலிய ஒட்டகம்னு சொன்னப்ப எனக்கு எதுவும் ஆகலையே."

"அப்ப தெரியாதுல்ல."

"எனக்குத் தெரியும்ல."

கடைசியாக எப்போது வந்தது என்று தூங்குமூஞ்சி கேட்டாள். அண்ணி இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் என்று இவள் சொன்னாள். அண்ணி வந்து எவ்வளவு காலம்? அண்ணியின் மகள் காலேஜ் விடுதியில் படிக்கிறாள் என்றாள்.

"அக்கா, நிஜத்தச் சொல்லிடறேன். அந்த ரெண்டு புள்ளி என்னன்னு தெரிஞ்சப்புறம் அந்தப் படத்துல எனக்கு வேற எதுவுமே கண்ணுல படல. கட்டில் தெரியல, ஜன்னல் தெரியல. படம் முடியாம நிக்குது. அதுல தாழ்ப்பாள் வந்தாதான் முடியும். ஆனா இல்லாதத வரையக்கூடாதே."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் சாப்பாட்டு மேஜைமேல் ஒரு போர்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரை வாயில் கடித்தபடி வயரைப் பிரித்துக்கொண்டிருந்தான். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் போய் எதிர்நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, என் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வேணும்."

அவன் ஸ்க்ரூ டிரைவரை வாயிலிருந்து எடுத்தான். எதற்கு என்று கேட்டான். யாராவது அறைக்குள் வந்து ஏதாவது சொன்னார்களா என்றான். துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியையும் ஒரு பார்வை பார்த்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளிருந்து சாத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றாள் இவள். அவன் குரலைத் தாழ்த்தி, இதமாக, அதெல்லாம் எதற்கு, புது கம்ப்யூட்டர் வேண்டுமா, நாற்காலி மாற்றட்டுமா, ஜன்னலுக்குத் திரை போடட்டுமா என்று அடுக்கினான். கேட்டது ஒன்றைத் தவிர எல்லாம் தருவதாகச் சொன்னான்.

எல்லாரையும்போல இருக்கலாம் என்று டாக்டரே சொன்னாரே என்றாள். டாக்டர் சொல்வார், அவருக்கென்ன என்றான். பிறகு கையிலிருந்த வயரை மேஜைமேல் வைத்தான்.

"நீ பாத்ரூம்ல விழுந்தப்ப வீட்ல நான் மட்டுந்தான் இருந்தேன். உள்ள தண்ணி கொட்டற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கூப்பிட்டேன், பதில் இல்ல. கதவ உதைச்சேன், எத்தினேன், அது அசையல. பக்கத்து வொர்க்‌ஷாப்காரர் கடப்பாரையோட வர்ற வரைக்கும் நீ இருக்கியா இல்லையான்னே எனக்குத் தெரியல பாப்பா."

இதை அவன் இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அண்ணி மடித்த துணியை மடியில் வைத்தபடி அவனையே பார்த்தாள். அவளுக்கும் இது புதிது.

"அந்தக் கதவ உடைச்சாச்சுண்ணா. நான் வெளிய வந்தாச்சு. நீதான் இன்னும் அங்கயே நின்னு தட்டிக்கிட்டிருக்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். முகம் சிவந்திருக்கிறதா, கண் சொருகுகிறதா என்று எப்போதும் பார்க்கிற அதே பார்வை. பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், நீயும் கோபப்படு, முடியாது என்று கத்து, வாயை மட்டும் மூடாதே என்றாள்.

"முடியாது" என்று அவன் கத்தினான்.

மேஜைமேல் இருந்த திருகாணிகள் துள்ளின. அண்ணன் மெல்ல எழுந்து நின்றான், பிடிப்பதற்குத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டு. அவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். ஒன்றும் வரவில்லை. தெருவில் யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்ய உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது மூன்றாவது உதையில் கிளம்பிப் போனது.

அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நான் பாத்ரூம் கதவுக்கு ஒரு கால முட்டுக் குடுத்துக்கிட்டுதான் குளிக்கிறேன். ஒத்தக்கால்ல நின்னு நின்னு கொக்காவே ஆயிட்டேன். எதுக்காகன்னு கேட்டா, அது வரும்னீங்க. இத்தன வருஷத்துல நான் அத ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. போடறதுன்னா மொதல்ல பாத்ரூமுக்குப் போடுங்க."

"நீ வேற ஏன்டி" என்றான் அண்ணன். ஆனால் அதில் பழைய அழுத்தம் இல்லை. அவனுக்குச் சிரிப்பும் வராமல் அழுகையும் வராமல் முகம் ஒரு மாதிரிக் கோணிக்கொண்டது.

மறுநாள் அவன் கடையிலிருந்து வரும்போது இரண்டு அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். ஹார்டுவேர் கடைக்காரரிடம் நிலைமையைச் சொல்லியிருக்கிறான். அவர் ஒரு தினுசு தாழ்ப்பாளை எடுத்துக் கொடுத்திருக்கிறார். உள்ளே இருந்து போட்டுக்கொள்ளலாம். வெளிப்பக்கம் குமிழின் நடுவில் ஒரு சின்னப் பிளவு. அதில் காசை வைத்துத் திருகினால் திறந்துகொள்ளும். நிறையக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் வாங்கிப்போவார்களாம்.

ஒன்றை பாத்ரூமுக்குப் போட்டான். இன்னொன்றை அவள் கதவில் அவனே உட்கார்ந்து மாட்டினான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள். மாட்டி முடித்ததும் அவளை உள்ளே வைத்துத் தாழிடச் சொன்னான். தாழிட்டாள். வெளியே காசு உரசியது, தாழ் திரும்பியது, அண்ணன் உள்ளே வந்தான். மறுபடி போடு என்றான். போட்டாள். மறுபடி திறந்து வந்தான். அவன் தேறுகிற வரைக்கும் அவள் போட்டுப் போட்டுக் கொடுத்தாள். கடைசியில் அந்தக் காசைச் சட்டைப்பையில் தனியாகப் போட்டுக்கொண்டான். இதைச் செலவு செய்துவிடாதே என்று அண்ணியிடமும் சொல்லிவைத்தான்.

தாழ்ப்பாளும் இருந்தது, வெளியிலிருந்து திறக்கக் காசும் இருந்தது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் செருப்பைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழிட்டபோது, அறையின் சத்தமே மாறிப்போயிற்று. பாத்திரம் உருளும் சத்தம், டிவி, அண்ணியின் தும்மல் எல்லாம் ஒரு படி தள்ளிப் போயின. இந்த அறைக்கென்று ஒரு சத்தம் இருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது. கம்ப்யூட்டர் மெலிதாக முனகிக்கொண்டிருந்தது.

"பாப்பா" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"இருக்கேண்ணா."

அவள் பழைய படத்தைத் திறந்தாள். இரண்டு புள்ளி இருந்த இடத்தில் தாழ்ப்பாளை வரைந்தாள். ஐந்தாறு புள்ளிதான். ஆனால் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தாள். உலோகத்தின் பளபளப்புக்கு ஒரு வெள்ளை, பக்கத்தில் ஒரு நிழல். செருப்பைத் தூக்கிவிட்டாள், இப்போது அதற்கு அங்கே வேலை இல்லை.

"பாப்பா."

"இருக்கேன்."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான் போலிருக்கிறது.

படத்தைப் போட்டாள். மேலே எழுதினாள்: 'அறை முடிந்தது. எனக்கு வலிப்பு வந்தாலும் வரலாம். அதைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆள் இருக்கிறது. நீங்கள் தாழ்ப்பாளைப் பாருங்கள். சூப்பர் என்று எழுதுகிறவர்களுக்கு ஜால்ரா ஒட்டப்படும். சட்டம் எனக்கும் உண்டு.' கூடவே கதவைப் புகைப்படமும் எடுத்துப் போட்டாள்.

யாரும் ஒன்றும் எழுதவில்லை. இதயம் போடக்கூட ஆள் வரவில்லை. அவள் திரையைப் பார்த்தபடி இருந்தாள். ஒருவேளை இனி யாருமே ஒன்றும் சொல்லமாட்டார்கள். சூப்பரும் இல்லை, ஒட்டகமும் இல்லை, வெறும் மரியாதை. அது இன்னும் கனமாக இருக்கும்.

"பாப்பா."

"இருக்கேண்ணா, இருக்கேன்."

திரையில் ஒரு வரி முளைத்தது.

"அக்கா, தாழ்ப்பாள் ஜோரா வந்திருக்கு. ஆனா ஜன்னல் இடது பக்கம், தாழ்ப்பாள் நிழலும் இடது பக்கமே விழுது. உங்க வீட்ல மட்டும் சூரியன் என்ன, சுவத்துக்குள்ளேர்ந்து உதிக்குதா? வாளியப் பத்தி நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல."

அவள் பார்த்தாள். ஆமாம். இத்தனை தடவை எழுந்து போய்ப் பார்த்தும், நிழலைப் பக்கம் மாற்றி வைத்திருந்தாள். முதல் பாடம். அதில் போய்க் கோட்டைவிட்டிருந்தாள்.

சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. அடக்கவில்லை. அந்த வீட்டில் அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்ததில்லை. மூச்சுமுட்ட, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தம்ளர் உருண்டு தரையில் விழுந்தது.

வெளியே நாற்காலி பின்னுக்குச் சாய்ந்து விழுந்தது. "பாப்பா? என்னம்மா சத்தம்? பாப்பா?" கதவில் உள்ளங்கை பட்டது. உடனே குமிழின் அந்தப் பக்கம் காசு உரசும் சத்தம். பதற்றத்தில் பிளவு கிடைக்காமல் அது வழுக்கியது, மறுபடி உரசியது, இந்த முறை உள்ளே பொருந்தி நின்றது.

"சிரிக்கிறேண்ணா" என்றாள்.

காசு திரும்பவில்லை. எடுக்கப்படவும் இல்லை. பிளவுக்குள் அப்படியே நின்றது. மெல்லிய மரத்துக்கு அந்தப் பக்கம் அண்ணன் மூச்சுவாங்குவது கேட்டது.

"சிரிக்கிறியா?"

"ஆமா. நிழலத் தப்பாப் போட்டுட்டேன்னு திட்டறாங்க."

"யாரு?"

"தெரிஞ்சவங்க."

அவள் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது திரும்புமா, இப்போது திரும்புமா என்று. ஜன்னல் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வந்து அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. நிழல் வலது பக்கம் கிடந்தது, பொடியாக, தெளிவாக.

அவள் திரைப்பக்கம் திரும்பி, அந்த நிழல் புள்ளியை எடுத்து வலது பக்கம் வைத்தாள்.